தூசி எண்ணும் தகட்டை ஒட்டியவன்

தொண்டைமானாற்றில் பிறந்த ஒருவனுக்குக் கடல் ஒத்துவராது என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? தியாகராசாவின் மகன் கோகுலனுக்குப் பன்னிரண்டு வயதில் அதுதான் நடந்தது. தகப்பனோடு வள்ளத்தில் ஏறியவன் கரை மறைய முன்னமே குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தியெடுத்தான். மூன்று தரம் ஏற்றிப் பார்த்த தியாகராசா நாலாம் தரம் கூப்பிடவில்லை. "உவனைக் கடல் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுது" என்று சந்தியில் நின்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார். அந்தச் சொல் கோகுலனுக்கு இன்றைக்கும் சுடும்.

கடல் கைவிட்டவனை றேடியோ கைதூக்கிவிட்டது. இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களில் எந்தக் கொட்டிலில் இருந்தாலும் யாரோ ஒருவரின் பழுதான றேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பான். சண்டை ஓய்ந்து ஊர் திரும்பியபோது றேடியோவின் காலம் போய்விட்டது. எல்லார் கையிலும் போன். சரி, அதையும் திறப்போம் என்று நெல்லியடியில் ஒரு சின்னக் கடை போட்டான். இப்போது பதினான்கு வருடம் ஆகிறது. கிணற்றுக்குள் விழுந்த போன், மீன்குழம்புக்குள் விழுந்த போன், கோபத்தில் சுவரில் அடித்துவிட்டுத் தானாக விழுந்தது என்று கொண்டுவருகிற போன், எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கண்ணாடி மாற்றுகிற வேலை. புதுக் கண்ணாடியை ஒட்டும்போது இடையில் ஒரு தூசி அகப்பட்டால் போதும், குமிழி விழுந்துவிடும். பிறகு போன்காரர் அந்தக் குமிழியை ஊரெல்லாம் காட்டித் திட்டுவார். சோளகக் காற்று அடிக்கிற மண்ணில் தூசிக்கா பஞ்சம்? கோகுலன் ஒரு வழி கண்டுபிடித்தான். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. யன்னலை இறுக்கி மூடிவிட்டுச் சுவருக்கும் நிலத்துக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் அடிப்பான். பறக்கிற தூசி ஈரத்தில் படிந்துவிடும். சட்டை நூல் உதிர்க்குமென்று அதையும் கழற்றி, இடுப்பில் ஈரச் சாரத்தோடு, தலையில் ஈரத் துவாய்த் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனால் ஒட்டி முடியும்வரை மூச்சைக்கூட அளந்துதான் விடுவான். வெளியே வரும்போது நனைந்த கோழி மாதிரி இருப்பான். கண்ணாடியில் மட்டும் ஒரு பழுதும் இராது.

ஆரபி மிஸ் அவனிடம் வந்ததும் உடைந்த கண்ணாடியோடுதான். யாழ்ப்பாண நகரத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவர், நெல்லியடிக்காரி. கண்ணாடி மாற்றிக்கொண்டு போன மூன்றாம் நாள் மறுபடி கடை வாசலில் நின்றார். குமிழிதான், வேறென்ன என்று கோகுலன் நினைத்தான்.

"கோகுலன் அண்ணை, நீங்கள் ஒட்டின கண்ணாடியை மைக்கிரஸ்கோப்புக்குக் கீழை வைச்சுப் பாத்தனான்" என்றார் மிஸ். "ஒரு தூசி இல்லை. இதை என்னெண்டு செய்தனீங்கள்?"

கதை இதுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று விண்ணுக்கு அனுப்பப்போகிற சின்னச் செய்மதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மிஸ்ஸுக்குக் கிடைத்திருந்தது. மூன்று வருடம் எழுதி எழுதி வாங்கிய இடம். விண்ணில் பறக்கும் தூசியை எண்ணுகிற கருவி ஒன்றை அதில் வைக்கவேண்டும்.

"அங்கையும் தூசியோ?" கோகுலன் வாயைப் பிளந்தான்.

"விண் முழுக்கத் தூசிதான். வால்வெள்ளி உதிர்க்கிறது, கல்லும் கல்லும் மோதி உடையிறது, சூரியனுக்கு அங்காலை எங்கையோ இருந்து வாறது. நாங்கள் நிக்கிற இந்தப் பூமியே ஒரு காலத்திலை அப்பிடித் தூசியாக் கிடந்ததுதான்."

பதினான்கு வருடமாகத் தூசியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இதைக் கேட்க முதலில் எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு தண்ணீர் அடித்தும் கடைசியில் பூமியே தூசியாம்.

கருவி பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அலுமினியத் தகடு. அதன் நடுவில் ஆழமில்லாத ஒரு பள்ளம். பள்ளத்துக்கு மேலே தலைமயிரை விட மெல்லிய, இரு பக்கமும் உலோகம் பூசிய ஒரு படலம். அந்தப் படலம் மின்னைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும். விண்ணில் வருகிற தூசிக்கு வேகம் கொஞ்சநஞ்சமல்ல. தொண்டைமானாற்றிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிற தூரத்தை அது இரண்டு மூன்று செக்கனில் தாண்டிவிடும். அந்த வேகத்தில் படலத்தைத் துளைக்கும்போது அந்த இடத்தில் மின் குலைந்து ஒரு துடிப்பு வரும். துடிப்பை எண்ணினால் எத்தனை தூசி என்று தெரியும். துடிப்பின் அளவைப் பார்த்தால் தூசி எவ்வளவு பெரிது என்று தெரியும். அதைக் கேட்டு எண்ணுகிற மின்சுற்றை மிஸ் தன் கையாலேயே செய்திருந்தார். படலத்தை ஒட்டத்தான் முடியவில்லை. ஒட்ட ஒட்டச் சுருங்கியது. ஏழு படலம் பாழாகி, மிஞ்சிக் கிடந்தது இரண்டே இரண்டு.

கோகுலன் ஒரு கிழமை வெறும் பொலித்தீனில் ஒட்டிப் பழகினான். எட்டாம் நாள் அறைக்குத் தண்ணீர் அடித்துவிட்டு, உள்ளே போய், ஒன்றரை மணித்தியாலம் கழித்து வெளியே வந்தான். மிஸ் விளக்கைச் சரித்துப் பிடித்து நாலு பக்கமும் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. "அண்ணை, உங்கடை கைக்குத் தங்கக் காப்புப் போடவேணும்" என்றார். கோகுலனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

மிஸ்ஸுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. தொண்டைமானாற்றில் ஒரு வள்ளம் முதன்முதலாகக் கடலில் இறங்கும்போது முன்முனையான அணியத்தில் திருநீறு பூசாமல் இறக்கமாட்டார்கள். வள்ளம் மட்டுமா? புது மோட்டார் சைக்கிள், புதுப் புத்தகம், புதுத் தையல் மெசின், எது வந்தாலும் ஊர்ச் சந்நிதிக் கோயில் முருகனின் திருநீறு ஒரு பொட்டாவது படவேண்டும். கோகுலனின் சட்டைப் பொக்கற்றிலோ இடுப்பு மடிப்பிலோ அந்தத் திருநீற்றுப் பொட்டலம் எப்போதும் இருக்கும். இந்தத் தகடோ ஊரில் எந்த வள்ளமும் போகாத தூரம் போகப்போகிறது. வெளியில் பூசினால் மிஸ் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடுவார். ஆகவே படலத்தை ஒட்டுவதற்குச் சற்று முன்னர், பள்ளத்தின் ஒரு மூலையில், விரல் நுனியால் தொட்டும் தொடாததுமாக ஒரு பொட்டு வைத்து, "அப்பனே, பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்" என்று சொல்லிவிட்டுத்தான் மூடினான்.

தகட்டை மடியில் வைத்துக்கொண்டு மிஸ் ரயிலில் தெற்கே போனார். ரொக்கெற் கிளம்பும்போது எப்படி உலுக்குமோ அப்படி உலுக்கிப் பார்க்கிற மேசை ஒன்று அங்கே இருந்தது. அந்த உலுக்கலில் கருவி ஒன்றையும் எண்ணக்கூடாது; தூசியே விழாதபோது எதை எண்ணுவது? ஆனால் அது எண்ணியது. உலுக்கி முடிந்தபோது அறுபத்தொன்று என்று காட்டியது. வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது: பத்து நாளுக்குள் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

மூன்று நாள் மின்சுற்றைக் கழற்றிக் கழற்றிப் பார்த்துவிட்டு மிஸ் கடைக்கு வந்தார். முகம் வாடிக் கிடந்தது. படலம் எங்கேயாவது கழன்றிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கோகுலன் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு ஓரமெல்லாம் பார்த்தான். ஒட்டு உடும்புப்பிடியாக இருந்தது. படலம் முகம் பார்க்கிற கண்ணாடி போலப் பளபளத்ததே தவிர அதற்குக் கீழே இருப்பதைக் காட்டவில்லை.

"அப்ப என்ரை சேர்க்கிற்றிலைதான் பிழை" என்றார் மிஸ். "ஒண்டும் விழாமல் தானாக் கத்துது. சின்னத் துடிப்பு ஒண்டையும் கணக்கெடுக்காதை எண்டு மாத்திவிடப்போறன். மேசையிலை பாஸாகும். ஆனா பெரிய தூசி விழுந்தால்தான் அதுக்குக் கேக்கும். பெரிசு விழுகிறது மிச்சம் குறைவு, அண்ணை. செய்மதி உயிரோடை இருக்கிற காலத்துக்குள்ளை ஒண்டும் விழாமலும் போகலாம்."

"செவிடாக்கிப்போட்டு அனுப்பப்போறியளோ?"

"வேறை வழி?"

அந்த அறுபத்தொன்றைக் கேட்ட கணமே கோகுலனின் விரல்நுனிக்கு விசயம் தெரிந்துவிட்டது. இருந்தும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தும் பேசாமல் இருந்தவனைக் கஜானி விடவில்லை. அவனுடைய மனைவி முன்பள்ளி ஆசிரியை. முப்பது சின்னனுகளில் யார் களவாக எழுதுகிற சோக்கட்டியைத் தின்றது என்று முகத்தைப் பார்த்தே பிடிக்கிறவள். பின்னேரத் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்னப்பா, எதை ஒளிக்கிறியள்?"

சொன்னான். சொல்லிவிட்டு, "முருகன்ரை திருநீறாலை பழுதாப்போச்சுதெண்டு நான் என்ன வாயாலை சொல்லுறது? அதுவும் படிச்ச ஆக்களுக்கு முன்னாலை?" என்றான்.

"முருகனே உள்ளுக்கை கொண்டுபோய் வைச்சவர்?" என்றாள் கஜானி. "நீங்கள்தானே வைச்சனீங்கள்? செய்யிறதையும் செய்துபோட்டு அந்த மனிசனிலை ஏன் சுமத்துறியள்? அந்தப் பிள்ளை மூண்டு வருசமா உதுக்காக ஓடித்திரியுது. என்ரை பள்ளிக்கூடத்துச் சின்னனுகள் உங்களிலும் பாக்க வேளைக்கு ஒத்துக்கொள்ளுங்கள்."

மனைவி சொன்னதில் பாதிக்கு அவனுக்குக் கோபம் வந்தது. மற்றப் பாதிதான் அவனை அடுத்த நாள் காலை மோட்டார் சைக்கிளில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. வல்லை வெளியில் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. இரண்டு தரம் திரும்பிவிடலாமா என்று வேகத்தைக் குறைத்தான்.

ஆய்வுகூடத்தில் மிஸ் கணினிக்கு முன்னால் இருந்தார். கருவியைச் செவிடாக்கும் இலக்கத்தை அப்போதுதான் தட்டிக்கொண்டிருந்தார். கோகுலன் ஹெல்மெற்றைக்கூடக் கழற்றவில்லை.

"மிஸ், அதை மாத்தாதையுங்கோ. உங்கடை சேர்க்கிற்றிலை பிழையில்லை. நான் படலத்துக்குக் கீழை திருநீறு வைச்சனான்."

மிஸ் திரும்பி அவனைப் பார்த்தார். கோபத்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"நாலு நாளா நான் நித்திரை கொள்ளேல்லை, தெரியுமே? ஒவ்வொரு கம்பியாக் கழட்டிக் கழட்டிப் பூட்டினனான். கண்ணாடிக்குக் கீழை நீங்கள் ஒரு தூசியை விடுவியளோ? விடமாட்டியள். பிறகு இதுக்குள்ளை ஏன் தூசியைப் போட்டனீங்கள்?"

"அது தூசியில்லை, மிஸ். திருநீறு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. பதினான்கு வருடமாக நூலுக்கும் மண்ணுக்கும் பயந்து மூச்சை அடக்கி வேலை செய்தவன். அவன் மனத்தில் தூசியென்றால் தூசி, திருநீறென்றால் திருநீறு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒருநாளும் அவன் நினைத்ததில்லை. வெட்கத்தில் காது சிவந்தது. ஹெல்மெற் தலையில் கிடந்ததால் தப்பினான்.

மிஸ் திட்டுவார் என்று நின்றான். மிஸ்ஸோ தகட்டை எடுத்து மின்சுற்றில் பூட்டி, ஒரு பக்கம் சரித்து, விரல் நகத்தால் அடியில் மெல்லத் தட்டினார். திரையில் ஓடிய கோட்டில் ஒரு சின்ன முள் எழுந்தது. மறுபடி தட்டினார், மறுபடி ஒரு முள். தகட்டை மற்றப் பக்கம் சரித்துத் தட்ட, அப்போதும் ஒரு முள் எழுந்தது. உள்ளே கிடந்த திருநீறு அங்குமிங்கும் உருண்டு படலத்தில் மோதிக்கொண்டிருந்தது.

பிறகு சவர அலகால் படலத்தைக் கிழித்தார்கள். மைக்கிரஸ்கோப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு கூட்டம். மிகப் பெரிய துணிக்கைகூடத் தலைமயிர் ஒன்றின் தடிப்பளவுதான். மிஸ் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"இவ்வளவு சின்னது, சும்மா உருண்டு முட்டினதுக்கே சொல்லியிருக்குது" என்றார் மெதுவாக. "அது பொய் சொல்லேல்லை, அண்ணை. உள்ளுக்கை ஏதோ முட்டுது எண்டு அறுபத்தொரு தரம் சொல்லியிருக்குது. நான்தான் நம்பேல்லை." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கோகுலனுக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது. செவிடாக்கும் இலக்கத்தை அழித்துப் பழையதையே போட்டார்.

மிஞ்சியது ஒரே ஒரு படலம், ஐந்து நாள். இந்த முறை கோகுலன் பொட்டலத்தைக் கஜானியிடம் கொடுத்துவிட்டு அறைக்குள் போனான். கை பழக்கதோசத்தில் இரண்டு தரம் இடுப்பைத் தடவியது. ஒன்றும் பூசாமல் ஒரு பொருளை ஊரை விட்டு அனுப்புவது அவனுக்குப் பெரிய கலக்கமாகத்தான் இருந்தது. வெறுங்கையோடு பிள்ளையைக் கப்பல் ஏற்றிவிடுகிற கலக்கம். ஆனாலும் பூசவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து தகட்டோடு வெளியே வந்தான். படலத்தில் சுருக்கம் இல்லை.

அதை வாங்கிப் பொதி செய்த மிஸ், வெளிப்பெட்டியை அவன் பக்கமாகத் தள்ளினார். "இதுக்குப் பூசுங்கோ, அண்ணை. பெட்டி விண்ணுக்குப் போகாது." கோகுலன் கஜானியைப் பார்க்க, அவள் பொட்டலத்தை நீட்டினாள். பெட்டியின் நாலு மூலைக்கும் நிறையவே பூசினான். மிஸ்ஸும் ஒரு நுள்ளு எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

மேசை உலுக்கியது. கருவி பூச்சியம் காட்டியது.

பிழை எப்படி வந்ததென்று வெளிநாட்டுக்கு ஓர் அறிக்கை எழுதவேண்டியிருந்தது. 'ஒட்டும்போது தூசி போய்விட்டது' என்று பொதுவாக எழுதிவிடலாம் என்றான் கோகுலன். மிஸ் கேட்கவில்லை. படலத்தை ஒட்டியவர் வழக்கப்படி சாம்பல் வைத்தார் என்றும், அதை அவரே வந்து சொன்னார் என்றும், அதனால்தான் கருவியின் கூர்மை தப்பியது என்றும், பெயரோடு எழுதினார். பதிலுக்கு ஒரேயொரு கேள்வி வந்தது: அந்தச் சாம்பல் எதை எரித்துக் கிடைத்தது? பசுஞ்சாணம் என்று எழுதி அனுப்பிவிட்டு மிஸ் அரைமணி நேரம் சிரித்தாராம். இடம் பறிபோகவில்லை.

ஏழு மாதம் கழித்து ரொக்கெற் கிளம்பியது. கோகுலன் கடையைப் பூட்டிவிட்டுப் போனில் பார்த்தான். தகப்பன் தியாகராசாவையும் பக்கத்தில் இருத்தியிருந்தான். கிழவர் புகையையும் நெருப்பையும் பார்த்துவிட்டு, "உதிலை நீ ஏறினால் எத்தினை தரம் சத்தியெடுப்பாய்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மகனின் முதுகில் கையை வைத்தார். அந்தக் கை கனநேரம் அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒரு மாதம் போயிற்று. கருவி உயிரோடு இருக்கிறது, எண்ணிக்கை பூச்சியம் என்று மிஸ் சொன்னார். இரண்டாம் மாதமும் பூச்சியம். தான் ஒட்டியதில்தான் ஏதோ குறையோ, படலம் இறுகிவிட்டதோ என்று கோகுலன் மனத்துக்குள் புழுங்கினான். வாடிக்கையாளர் இரண்டு பேருக்கு வாய்க்கு வந்தபடி பதில் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டான்.

மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணி. பருத்தித்துறைக்காரர் ஒருவரின் போன் துண்டு துண்டாக மேசையில் கிடந்தது. அவர் கதிரையில் இருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கோகுலனின் போன் அடித்தது.

"அண்ணை, ஒண்டு விழுந்திருக்குது" என்றார் மிஸ். மூச்சு வாங்கியது. "இப்பத்தான் தரவு இறங்கினது. ஒரேயொரு துடிப்பு. சின்னது. வடிவான துடிப்பு, அண்ணை, புத்தகத்திலை கீறினமாதிரி. நான் இலக்கத்தை மாத்தியிருந்தால் இது கேட்டிராது."

கோகுலன் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். எங்கேயோ, எந்த வால்வெள்ளியிலிருந்தோ உதிர்ந்த ஒரு துணிக்கை, எத்தனை காலம் அலைந்ததோ, நெல்லியடியில் வாளித்தண்ணீர் அடித்த ஒரு சின்ன அறையில் அவன் ஒட்டிய படலத்தைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. கண் நிறைந்துவிட்டது. பருத்தித்துறைக்காரர் ஏதோ சாவீட்டுச் செய்தி என்று நினைத்துத் தானும் எழுந்து நின்றார்.

"மிஸ்," என்றான் கோகுலன், "சந்நிதியான் சத்தியமா இந்த முறை நான் உள்ளுக்கை ஒண்டும் வைக்கேல்லை."

அந்தப் பக்கத்தில் மிஸ் சிரித்தார்.

"தெரியும், அண்ணை. வைச்சிருந்தால் நீங்கள் வந்து சொல்லியிருப்பியள். அதாலைதான் இதை நான் நம்புறன்."